கணக்குப்பிள்ளை பதில்கள்: பஸ் கேட்கும் பள்ளிக்கூடம்

மேற்குக் கென்யாவில் ஒரு சர்க்கரை ஆலையில் கணக்கு பார்த்த காலத்தைப் பற்றிச் சென்ற மாதம் எழுதியபோது, பள்ளி வளாகங்களில் சக்கரம் கழற்றிக் கல்லின் மேல் ஏற்றி வைத்த மஞ்சள் பஸ்களைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் அதிகக் கடிதங்கள். அதனால் இந்த முறை முழுக்க அதே விஷயம்.

கேள்வி: கிசுமு பக்கம் ஒரு ஆலையில் வேலை பார்க்கிறேன். அருகில் உள்ள அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் வந்தபோது 150 பிள்ளைகள்கூட இல்லை. இன்றைக்கு 400ஐத் தாண்டிவிட்டது. விடுதி கிடையாது, பலர் 8, 10 கிலோமீட்டர் நடந்து வருகிறார்கள். தலைமையாசிரியர் ஒரு பஸ் வாங்க உதவி கேட்கிறார். இங்கே சில இந்தியக் குடும்பங்கள் இருக்கிறோம். ஹராம்பே, அதாவது ஊர் கூடிப் பணம் திரட்டும் கூட்டம், நடத்தினால் பணம் சேரும் என்கிறார்கள். எப்படித் தொடங்குவது, ஐயா?

பஸ் வந்த மூன்றாவது வருஷம் டயர் மாற்றப் பணம் யார் தருவார்கள் என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள், தம்பி. அதற்குப் பதில் கிடைக்கும்வரை வசூல் நோட்டைத் திறக்க வேண்டாம்.

பள்ளி ஏன் இப்படி வளர்கிறது என்று உங்களுக்குத் தெரியும், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். 2003-ல் கென்யாவில் தொடக்கக் கல்விக்குக் கட்டணம் நீக்கப்பட்டது. சுமார் 59 லட்சமாக இருந்த மாணவர் எண்ணிக்கை ஒரே வருஷத்தில் 72 லட்சத்தைத் தொட்டது. அந்தப் பிள்ளைகள் அடுத்து எங்கே போவார்கள்? 2008-ல் பகல்நேர மேல்நிலைப் பள்ளிகளுக்கும் கற்பித்தல் கட்டணத்தை அரசே ஏற்றுக்கொண்டது. 2018 முதல் ஒரு மாணவருக்கு வருஷத்துக்கு 22,244 ஷில்லிங் என்று ஒதுக்கீடு. பள்ளி பெரிதாக ஆக, புதிதாகச் சேர்கிற பிள்ளை முன்னால் சேர்ந்தவனைவிடத் தூரத்திலிருந்து வருகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் ஏற்கெனவே சேர்ந்தாயிற்றே. வகுப்பறை கட்டக் காசு தருகிறவர்கள் இந்தத் தூரத்தை யோசிப்பதில்லை.

அஹேரோவிலிருந்து செமெலில், முஹோரோனி வரைக்கும் அந்தக் கரும்புப் பகுதியை நான் நன்றாகப் பார்த்திருக்கிறேன். கீழே கானோ சமவெளி, நம் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலேதான். மார்ச் முதல் மே வரை பெரு மழை, அக்டோபரிலிருந்து சிறு மழை. நியாண்டோ ஆறு கரை உடைத்தால் பாதை இருந்த இடமே தெரியாது. மேட்டுப் பக்கம் போனால் முர்ரம் என்கிற செம்மண் சாலை, காய்ந்தால் புழுதி, நனைந்தால் வழுக்கல். பிள்ளைகள் நடப்பார்கள். கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர் டிரெய்லரில் தொற்றிக்கொள்வார்கள். காசு இருந்தால் போடா போடா என்கிற ஒரு வாடகை பைக்கில் மூன்று பேர், நான்கு பேராக. பெண் பிள்ளைகளுக்கு இந்த பைக் சவாரியில் வேறொரு ஆபத்தும் உண்டு. தினம் இலவசமாக ஏற்றிப் போகிறவன் ஒருநாள் அதற்கு விலை கேட்கிறான், அந்தப் பெண் வயிற்றில் பிள்ளையோடு படிப்பை விடுகிறாள். அங்கே இருக்கும் எந்த ஆசிரியரைக் கேட்டாலும் சொல்வார். வண்டி வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சரி, கணக்குக்கு வருவோம். 33 இருக்கை உள்ள புது பஸ்ஸுக்கே 50 லட்சம் ஷில்லிங்குக்கு மேல் ஆகும். அங்கே பள்ளி பஸ் என்றால் பெரும்பாலும் இசுசு. நைரோபியிலேயே ஒருங்கிணைப்பதால் உதிரி பாகம் கிடைக்கும், கிசுமுவில் மெக்கானிக்கும் கிடைப்பார். எல்லாரும் இந்தத் தொகையைப் பார்த்துத்தான் மலைத்துப்போகிறார்கள். நான் பயப்படுவது அடுத்த தொகைக்கு.

11 கிலோமீட்டர் பாதை, காலையில் இரண்டு நடை, மாலையில் இரண்டு நடை என்று வைத்துக்கொள்ளுங்கள். காலிப் பயணத்தையும் சேர்த்து ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர். முர்ரம் சாலையில் லிட்டருக்கு நாலரை கிலோமீட்டர் ஓடினால் 20 லிட்டர். டீசல் 170 ஷில்லிங் என்றால் நாளுக்கு 3,400. வருஷத்தில் 190 பள்ளி நாள் என்றால் 6,46,000. டிரைவருக்கு மாதம் 20,000, உதவியாளருக்கு 12,000. இதைப் பன்னிரண்டு மாதத்துக்கும் கொடுக்க வேண்டும். பள்ளி விடுமுறையில் டிரைவருக்குப் பசிக்காதா என்ன? அது 3,84,000. காப்பீடு, ஆறு டயர், ஸ்பிரிங் பட்டை, சர்வீஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்றரை, நாலு லட்சம் ஒதுக்குங்கள். மொத்தம் 14 லட்சம் வந்துவிட்டது. இரண்டு நடையில் 66 பிள்ளைகள் என்றால் தலைக்கு வருஷம் 21,000-க்கு மேல். ஒரு பிள்ளையின் முழுப் படிப்புக்கும் அரசு கொடுக்கிற 22,244-க்குப் பக்கத்தில் வருகிறது, பாருங்கள். பஸ்ஸை யாராவது சும்மா கொடுத்தாலும் இந்தச் செலவு அப்படியேதான் இருக்கும். கல்லின் மேல் நிற்கிற பஸ்கள் எல்லாமே ஒரு காலத்தில் மாலை போட்டு வரவேற்றுக் கொண்டுவந்தவை.

உங்கள் ஊர் விலையைப் போட்டு இதே கணக்கை ஒரு தாளில் எழுதுங்கள். அப்புறம், வாங்குவதற்கு முன்னால் ஒரு பள்ளிப் பருவத்துக்கு வண்டியை வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். மடாட்டு என்கிற 14 இருக்கை வாடகை வேன் ஒன்றை மாத வாடகைக்குப் பேசி, ஆகத் தூரத்துப் பாதையில் மட்டும் ஓட்டுங்கள். உங்கள் குடும்பங்கள் பாதி போடட்டும், பெற்றோர் பாதி. யார் ஏறினார்கள், யார் காசு கட்டினார்கள், மழையில் எத்தனை நாள் வண்டி வரவில்லை, பள்ளிக்கு வராதவர் எண்ணிக்கை குறைந்ததா, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பின்னால் வங்கியிடமோ ரோட்டரி சங்கத்திடமோ போகும்போது இந்த நோட்டுதான் பேசும். நடந்து போகும் குழந்தையின் புகைப்படத்தை அவர்கள் நிறையப் பார்த்துவிட்டார்கள். ஒரு பருவம் ஓட்டிக் காட்டிய கணக்கை அநேகமாகப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பெற்றோர் பங்கைப் பற்றி ஒரு வார்த்தை. மாதா மாதம் காசு கேட்டால் கிடைக்காது. அங்கே நடவுக் கரும்பு வெட்டுக்கு வர ஒன்றரை வருஷம் ஆகும், வெட்டிய பிறகும் ஆலைப் பணம் கைக்கு வரத் தாமதம். மக்காச்சோளமும் பீன்ஸும் கட்டணமாக வாங்குவது கென்யப் பள்ளிகளில் புதிதல்ல. பிள்ளைகளின் மதிய உணவுக்கு ஆகும், அந்த அளவுக்குச் சமையல் செலவில் மிச்சமாகும் பணம் டீசலுக்குப் போகும். கரும்புப் பணத்தில் உரக் கடனைப் பிடித்துக்கொள்வதுபோல, விவசாயி எழுதிக் கொடுத்தால் பஸ் கட்டணத்தையும் பிடித்துக்கொள்ள முடியுமா என்று உங்கள் ஆலையிலேயே கேளுங்கள். நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள், கணக்குப் பிரிவில் ஒரு டீ குடித்தால் தெரிந்துவிடும்.

ஹராம்பே நடத்துங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. 1963-ல் ஜோமோ கென்யாட்டா நாட்டுக்கே அதை முழக்கமாக்கினார், நாட்டுச் சின்னத்திலும் அந்தச் சொல் இருக்கிறது. அறுபது, எழுபதுகளில் கிராமத்தார் தாங்களே காசு போட்டுக் கட்டிய பள்ளிகளுக்கு ஹராம்பே பள்ளி என்றே பெயர். கூட்டத்தில் தொகையை ஒவ்வொரு பெயராக வாசிப்பார்கள். புதுக்கோட்டைப் பக்கத்து மொய் விருந்தில் உட்கார்ந்தவர்களுக்கு அந்தக் காற்று பழக்கப்பட்டதுதான். ஒரு சேவலை ஏலம் விடுவார்கள், வாங்கியவர் திருப்பிக் கொடுப்பார், மறுபடி ஏலம். எனக்கு அது பிடிக்கும், காசைவிடச் சிரிப்பு அதிகம். ஆனால் அங்கே அறிவிக்கிற தொகையை வரவில் எழுதாதீர்கள். எம்-பெசா என்கிற கைபேசிப் பணக் கணக்கில் வந்து சேர்ந்ததை மட்டும் எழுதுங்கள். 2007 முதல் அந்த வசதி இருப்பதால் சாக்குச் சொல்ல இடமில்லை. பள்ளி பெயரில், அதில் பணம் வாங்குவதற்கான ஒரு பேபில் எண் வாங்கி, யார் எவ்வளவு என்று வாட்ஸ்ஆப் குழுவில் அன்றன்றைக்குப் போடுங்கள். பட்டியலில் தன் பெயர் இல்லாதவன் மறுநாள் அனுப்புவான்.

நேரம் டிசம்பர். நைரோபி, மொம்பாசாவில் இருக்கிற பிள்ளைகள் கிறிஸ்துமஸுக்கு ஊர் திரும்பும் சமயம். ஜனவரியில் வைத்தால் எல்லாரும் பள்ளிக் கட்டணத்துக்கே அலைவார்கள், யாரும் வரமாட்டார்கள்.

அரசியல்வாதியை நம்பித் திட்டம் போட வேண்டாம். முன்பெல்லாம் நாடாளுமன்ற உறுப்பினர் பண உறையோடு வருவார், அல்லது தொகுதி நிதியிலிருந்து பஸ்ஸே வாங்கிக் கொடுப்பார். பல பள்ளி பஸ்கள் அப்படி வந்தவைதான். 2024 ஜூலையில், இளைஞர் போராட்டங்களுக்குப் பிறகு, அரசுப் பொறுப்பில் இருப்பவர்கள் ஹராம்பேயில் பங்கெடுக்கக் கூடாது என்று அதிபர் ரூட்டோ அறிவித்தார். அதே வருஷம் செப்டம்பரில் தொகுதி நிதிச் சட்டமே அரசியலமைப்புக்கு முரணானது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

கடைசியாகக் காகிதம். வண்டி பள்ளியின் பெயரில் பதிவாக வேண்டும், தலைமையாசிரியர் பெயரில் அல்ல. அவர் நாளைக்கே மாற்றலாகிப் போகலாம். அரசுப் பள்ளி பெற்றோரிடம் தனிக் கட்டணம் வசூலிக்க, மாவட்டக் கல்வி வாரியத்தைக் கலந்து கல்வி அமைச்சர் தரும் அனுமதி வேண்டும். பள்ளி நிர்வாகக் குழுவின் தீர்மானத்தோடு அதற்கு இப்போதே எழுதச் சொல்லுங்கள். பஸ்ஸுக்கென்று தனி வங்கிக் கணக்கு, இரண்டு கையெழுத்து, ஒன்று பெற்றோர் சங்கத்திலிருந்து. உங்கள் இந்தியக் குடும்பங்களிலிருந்து யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். நீங்கள் ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வந்துவிடுவீர்கள்.

கேள்வி: நான் ஜெர்மனியில் வசிக்கும் ஈழத் தமிழ்ப் பெண். எங்கள் நகரத்தில் பழைய பள்ளிப் பேருந்து ஒன்றை இலவசமாகத் தர ஒரு நிறுவனம் தயாராக உள்ளது. கப்பல் செலவை நாங்கள் சேர்த்தால் கென்யாவுக்கு அனுப்பலாமா?

அனுப்ப முடியாது அம்மா. கென்யாவில் ஸ்டீயரிங் வலப் பக்கம். இடப் பக்க ஸ்டீயரிங் வண்டியை ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி போன்ற சிறப்பு வாகனங்களுக்குத்தான் அனுமதிப்பார்கள். தவிர, எட்டு வருஷத்துக்கு மேல் பழைய வாகனத்தை இறக்குமதி செய்யவே முடியாது, இலவசமாகக் கொடுக்கிற பஸ் எந்த நாட்டிலும் அதைவிட இளமையாக இருப்பதில்லை. மொம்பாசா துறைமுகத்தில் நாள் கூடக் கூட வாடகை ஏறும். கப்பல் செலவுக்குச் சேர்த்த பணத்தை அப்படியே டீசலுக்கும் டயருக்கும் கொடுங்கள். உங்கள் பெயர் பளிச்சென்று எங்கும் தெரியாது, ஆனால் வண்டி ஓடும்.

கேள்வி: பஸ்ஸை விடுங்கள், சைக்கிள் கொடுத்தால் போதாதா? நம் ஊரில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்களே! (மதுரை, கல்லூரி மாணவி)

நல்ல கேள்வி. நான் கொடுக்கிற முதல் ரூபாய் சைக்கிளுக்குத்தான் போகும்.

2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் சைக்கிள் விநியோகித்துத் தொடங்கிய அமைப்பு, வேர்ல்டு பைசைக்கிள் ரிலீஃப். அங்கிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போய், ‘பஃபலோ’ என்ற கனத்த இரும்பு சைக்கிளை உருவாக்கினார்கள். பின் கேரியரில் 100 கிலோ ஏற்றலாம். கிசுமுவிலேயே அவர்கள் சைக்கிள் பூட்டும் இடம் இருக்கிறது, முதல் கேள்வி கேட்ட தம்பி ஒரு நடை போய் வரலாம். ஜாம்பியாவில் கிராமத்துப் பெண் பிள்ளைகளுக்கு இந்த சைக்கிளைக் கொடுத்து ஆய்வு செய்தார்கள். பள்ளிக்குப் போகும் நேரம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, பள்ளிக்கு வராத நாட்கள் கால் பங்குக்கும் மேல் குறைந்தன. அந்த ஆய்வாளர்களில் ஒருவர் நிஷித் பிரகாஷ். பீகாரில் 2006-ல் பெண் பிள்ளைகளுக்கு சைக்கிள் கொடுத்த திட்டத்தைக் கார்த்திக் முரளிதரனோடு சேர்ந்து ஆராய்ந்தவர். அங்கே உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் சுமார் 30 சதவீதம் கூடியதாகக் கண்டார்கள். பீகாருக்கு முன்பே நாம் தொடங்கிவிட்டோம் என்று நீங்கள் பெருமைப்படலாம், தப்பில்லை.

ஒரு பஸ் விலையில் இருநூறு சைக்கிள் வரும். டிரைவர் சம்பளம் கிடையாது. ஆனால் கரிசலில் மழை பெய்தால் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே மண் அடைத்து, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டிவரும். பதினான்கு கிலோமீட்டர் தூரத்துக் குழந்தைக்கும், ஊனமுற்ற குழந்தைக்கும் அது உதவாது. வீட்டில் அப்பாவும் அண்ணனும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பிரச்சினையும் உண்டு. அதனால் சைக்கிளைப் பள்ளியின் சொத்தாக வைத்து, பிள்ளை இரண்டு வருஷம் ஒழுங்காக வந்தால் அதன் பெயருக்கு மாற்றிக் கொடுப்பது நல்லது. பஞ்சர் ஒட்ட ஊருக்குள் ஒருவருக்குப் பயிற்சி கொடுக்க மறக்கக் கூடாது. ஆறு, ஏழு கிலோமீட்டர்வரை சைக்கிள், அதற்கு மேல் வண்டி. இப்படிப் பிரித்தால் 33 இருக்கை பஸ் தேவைப்படாமலே போகலாம், 14 இருக்கை வேன் போதும் என்று ஆகலாம்.

கேள்வி: இந்தியாவிலிருந்து அந்தப் பள்ளிக்குப் பணம் அனுப்பினால் வரிச் சலுகை உண்டா? (கோவை)

கிடையாது. 80ஜி என்று சொல்கிற நன்கொடை வரிச் சலுகை இங்கே பதிவான, தகுதி பெற்ற அமைப்புகளுக்குக் கொடுத்தால்தான். வெளிநாட்டுக்கு நன்கொடையாகத் தனிநபர் அனுப்பத் தடையில்லை. ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். திட்டப்படி ஒரு நிதியாண்டில் எல்லா நோக்கத்துக்குமாக 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். நம் இருவருக்கும் அந்த உச்சவரம்பு ஒரு இடைஞ்சலாக இருக்காது என்று நினைக்கிறேன்.

கேள்வி: பள்ளி பஸ்ஸை விடுமுறையில் வாடகைக்கு விட்டால் செலவை ஈடுகட்ட முடியாதா? (நைரோபியிலிருந்து ஒரு வாசகி, ஆசிரியை)

ஓரளவு முடியும். வாடகைக்குத் தேவை இருக்கிறது, அதுவும் மேற்கில். அந்தப் பக்கத்துக்காரர் நைரோபியில் இறந்தாலும் சொந்த மண்ணில்தான் அடக்கம் செய்வார்கள். உறவுகள், சபையார், அலுவலக நண்பர்கள் என்று ஒரு பஸ் நிறையக் கூட்டம் போகும். சனிக்கிழமைகளில் அந்தப் பக்கம் சாலையில் பாருங்கள், மஞ்சள் பஸ்கள் வரிசையாகத் துக்க வீட்டு வாசலில் நிற்கும். கல்யாணம், சர்ச் மாநாடு எல்லாவற்றுக்கும் கேட்பார்கள்.

ஆனால் இரண்டு விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும். முதலாவது காப்பீடு. பள்ளி வாகனம் என்று போட்ட காப்பீடு, கூலிக்கு ஆள் ஏற்றும்போது செல்லுமா என்று கம்பெனியிடம் எழுத்தில் வாங்குங்கள். விபத்து நடந்த பிறகு அந்தக் கேள்வியை அவர்கள் கேட்பார்கள். பக்கத்து டான்சானியாவில் 2017 மே 6-ஆம் தேதி கரட்டு அருகே பள்ளி பஸ் பள்ளத்தாக்கில் விழுந்து 32 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள், டிரைவர் எல்லாரும் போனார்கள். அதை நினைத்தாலே பள்ளி பஸ்ஸில் பழைய டயரைப் போட்டு ஓட்டலாம் என்று சொல்ல வாய் வராது. இரண்டாவது பணம். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று விலை வைத்து, முன்கூட்டியே பள்ளியின் பேபில் எண்ணுக்கு வாங்கிவிட வேண்டும். டிரைவர் கையில் காசு பழகக் கூடாது. ராத்திரிப் பயணத்துக்கு வண்டி இல்லை என்று சொல்லிவிடுங்கள். துக்க வீட்டுக்காரர்களிடம் இதைச் சொல்வது கஷ்டம்தான், ஒரு ஆசிரியையாக உங்களுக்குச் சொல்லத் தெரியும்.

இந்த வருமானத்தைத் தினசரி டீசலில் சேர்க்காதீர்கள். டயர் கணக்கில் தனியாகப் போட்டு வையுங்கள்.

கேள்வி: பஸ் வாங்கிக் கொடுத்தவர்களின் பெயரை அதில் எழுதலாமா? (திருச்சி)

எழுதலாம், சின்ன எழுத்தில், உள்ளே டிரைவருக்குப் பின்னால். கென்யச் சட்டப்படி பள்ளி வண்டி மஞ்சளாக இருக்க வேண்டும், சீட் பெல்ட் வேண்டும். வெளியே இரு பக்கமும் பள்ளியின் பெயர் பெரிதாக வரட்டும். பின்பக்கம் தலைமையாசிரியர் அலுவலகத் தொலைபேசி எண்ணை எழுதி, ‘வேகமாகப் போனால் அழையுங்கள்’ என்று சுவாஹிலியிலும் அந்தப் பக்கத்து மொழியான லுவோவிலும் போடுங்கள். மக்கள் அழைப்பார்கள்.